பெயரை மட்டும் நகலெடு

தேவகோட்டையில் பிற்பகல் மூன்று மணி.
வக்கீல் சேவுகப்பெருமாள் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்.
மின்விசிறி இரண்டில்தான் சுற்றும்,
மூன்றில் வைத்தால் தாள் பறக்கும்.

ஒரே வீடு, முப்பத்தெட்டுப் புள்ளி.
இங்கே கல்யாணம் ஆனவன் ஒரு புள்ளி.
பாகப்பிரிவினை வழக்கு,
ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று ஆவணம்.
எல்லாவற்றையும் எழுத்தெழுத்தாய்த் தட்டி
கோப்பு கோப்பாகச் சேமித்தது நான்.
இனிப் பட்டியல் போட வேண்டும்:
வரிசை எண், தேதி, கோப்பின் பெயர்.

வலப்பக்கம் சொடுக்கு, கீழே இறங்கு,
பாதையை நகலெடு, ஒட்டு,
பிறகு பாதையை அழி.
ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று முறை அழிக்க
என் மணிக்கட்டு சம்மதிக்கவில்லை.

எடிட்டரின் அமைப்புக்குள் போனேன்.
கண்ட்ரோல், ஷிஃப்ட், சி என்று எழுதினேன்.
அது ஏற்கெனவே வேறொரு கட்டளைக்கு உரியது.
கண்ட்ரோல், ஆல்ட், என்.
அதற்கும் ஆள் இருந்தது.
அந்த வீட்டைப் படமெடுக்கப் போனபோதும் இப்படித்தான்,
கதவு கதவாய்ப் பூட்டு.
இது பினாங்குக்காரர் அறை, அது மெட்ராஸ்காரர் அறை,
சாவி அவரிடம், அவர் போனை எடுக்கமாட்டார்.
கடைசியில் எஃப் ஒன்பது காலியாக இருந்தது,
யாரும் உரிமை கோராத விசை.
ஒரு காற்புள்ளி விட்டுப்போய்
பத்து நிமிடம் எதுவும் ஓடவில்லை.
போட்டதும் ஓடியது.

எஃப் ஒன்பது.
பெயர் மட்டும். முன்னால் பாதை இல்லை,
பின்னால் புள்ளியும் இல்லை.
தட்டு, ஒட்டு. தட்டு, ஒட்டு.
ஐந்து மணிக்குள் முந்நூறு.
நாற்காலியை விட்டு எழவே இல்லை என்று சொல்ல ஆசைதான்.
இரண்டு முறை எழுந்தேன், ஒருமுறை வடைக்கு.

திங்கட்கிழமை பட்டியல் திரும்பி வந்தது.
ஓரத்தில் சிவப்பு மை, ஹெட் கிளார்க் கையெழுத்து:
எந்தப் பெரியகருப்பன்?
எண்ணிப் பார்த்தேன். ஏழு.
அய்யா பெயர் பேரனுக்கு, அவன் பெயர் அவன் பேரனுக்கு,
அண்ணன் தம்பி வீடுகளில் தனித்தனியாக.
சிகப்பி நான்கு.
உமையாள் மூன்று, அதில் ஒருத்தி
பிறந்த வீட்டு அடைவில் ஒருமுறை,
புகுந்த வீட்டு அடைவில் ஒருமுறை.

வக்கீல் திட்டவில்லை.
"இந்த ஊர்ல வெறும் பேர வச்சு
ஒரு கடுதாசிகூடப் போய்ச் சேராதும்மா."
சாட்சி சொல்ல வருகிறவர்களை நினைத்துக்கொண்டேன்.
சா.ராம.பெரி.முத்து என்று
மேலே உள்ளவர்களை ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத்தான்
தங்கள் பெயருக்கு வருவார்கள்.
விலாசம் என்பார்கள் அதை.
அத்தனை பேர் விலாசத்தையும் வெட்டியிருக்கிறேன்,
ஒரே விசையில்.

முழுப் பாதையும் கட்டத்துக்குள் அடங்காது.
டி டிரைவ், ஆபீஸ், வருடம், என் பெயர்
எல்லாம் வரிசையாக வந்து நிற்கும்,
நானும் ஒரு வாரிசு போல.
எஃப் ஒன்பதைத் திறந்து மாற்றி எழுதினேன்:
பெயர்,
அதற்கு முன்னால் ஒரே ஒரு படி மேலே.
பெரியகருப்பன்கள் ஏழு பேரும்
அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.
இரண்டு சிகப்பிகள் மட்டும் ஒட்டிக்கொண்டே இருந்தார்கள்.
அவர்களைக் கையால் பிரித்தேன்.

எதிர்த்தரப்பு ஆபீஸில் தட்டுகிற அடைக்கலராஜ்
பென் டிரைவோடு வந்து நின்றான்.
அவனுக்கும் அதே ஆவணங்கள், அதே சிவப்பு மை.
அந்த எஃப் ஒன்பதைக் கொஞ்சம் கொடு என்றான்.
கொடுத்தேன்.
என்ன பெயரில் சேமிக்க?
பெர்னதெத் என்று போடு.
எந்தப் பெர்னதெத், என்று சிரித்தான்.
ல.பெர்னதெத் என்றேன். ல, அம்மா லூர்து.
போட்டுக்கொண்டான்.

வழக்கு ஆகஸ்டுக்குத் தள்ளிப்போயிருக்கிறது.